கல்லறைக் கல்லின் கடைசி வரி

"இன்னாம்மே, உங்க வேதப் புஸ்தகத்துல, மேல ஏறிப் போனவன் ஒருத்தனும் கெடையாதுன்னு போட்டுக்கீதாமே? நெஜமா?"

என் மாமியார் இதைக் கேட்டபோது முறத்தை மடியில் வைத்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆடி மாதமானால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அலமாரியில் என் வேதாகமம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை. இப்போது திடீரென்று யோவான் மூன்றாம் அதிகாரத்திலிருந்து கேள்வி வருகிறதென்றால், யாரோ ஓதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"யாரு சொன்னது?" என்றேன்.

"யாரோ சொன்னாங்க. நீ பதிலச் சொல்லு."

"யாரோன்னா யாரு? பேரு இல்லாத ஆளா?"

"அய்ய, போலீஸ்காரி மாதிரி கேக்கறியே. அப்ப எம்மவன் மேல போனானா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

என் கணவர் இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. முதல் வருஷ நினைவு நாளில் கல்லறையில் கல் பதித்து ஜெபம் செய்வது எங்கள் சபை வழக்கம். கல்லுக்கு நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கல்லின் கடைசி வரியாக 'பரலோகம் சேர்ந்தார்' என்று வைக்கச் சொல்லியிருந்தேன். கல்லுக்குச் சொன்ன மறுவாரமே இந்தக் கேள்வி வந்தால் நான் என்ன நினைப்பேன்?

"போனாரு. மேலதான் கீறாரு. கீரைய உருவுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் அந்த வசனம் இருப்பது உண்மை. எனக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் எழுந்து போனேன்.

என் சந்தேகப் புத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காக்களூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், கடைசி இன்ஸ்பெக்‌ஷன் மேஜை என்னுடையது. லேத்தில் கடைந்து வருகிற இரும்புச் சாமான்களை அளவு பார்க்கிற கேஜில் போட்டுப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் ஒதுக்குவேன். வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் சொன்னார்: "எல்லாமே ரிஜெக்ட்டுன்னு நெனச்சிக்கினு உக்காரும்மா. நல்லதா இருந்தா அதுவே நிரூபிக்கட்டும்." அப்படி உட்கார்ந்தவள்தான். கீரைக்காரியிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் அதே கண்ணால்தான் பார்க்கிறேன். என் கணவர் சிரிப்பார். "நல்லவேள, என்னை மட்டும் செக் பண்ணாம பாஸ் பண்ணிட்ட," என்பார். அவரையும் செக் பண்ணித்தான் பாஸ் பண்ணினேன். அவருக்குத்தான் தெரியாது.

என்னைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கினவர் அவர். ஆரம்பத்தில் அது உண்மைதான். போகப் போக, ஞாயிற்றுக்கிழமை நான் புடவை கட்டி முடிப்பதற்குள் அவர் சபையில் போய் உட்கார்ந்திருப்பார். அத்தை அதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. 'பெரியவன் ஒரு சாமி, நான் ஒரு சாமி, சோறு ஒரு சட்டியில்' என்று இருந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. செவ்வாப்பேட்டையில் அந்த வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். இப்போது இரண்டு.

அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்காலையில் வேலை பார்த்தார். நைட் ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் பெரியபாளையம் பக்கமாகச் சுற்றித் திருவள்ளூர் வந்து சேரும். வழியில் காக்களூர் முனையில் அவர் இறங்குவார். அந்த நேரத்துக்கு நான் வேலைக்கு வந்துகொண்டிருப்பேன். நாஷ்டா டப்பாவை அவர் கையில் கொடுப்பேன், டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ, அப்புறம் அவர் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவார். நைட் ஷிப்ட் வாரங்களில் எங்கள் குடும்பம் நடந்தது அந்த டீக்கடையில்தான்.

அந்த பஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவனை எவனும் எழுப்ப மாட்டான். மேலே சாய்ந்து விழுந்தாலும் தோளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். இறங்குகிற இடம் வந்தால் மட்டும் பக்கத்து ஆள் தட்டுவான். இறந்த அன்றைக்கு அவர் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் பாவம் பார்த்து, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், திருவள்ளூரில் இறங்கித் திரும்பி வந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பஸ் என் முன்னாடி நிற்காமல் போனது. நான் கையில் டப்பாவோடு நின்றுகொண்டு போன் போட்டேன். ரிங் போனது, பிறகு நின்றது. மறுபடி போட்டால் ரிங் போய்க்கொண்டே இருந்தது. பிற்பாடுதான் தெரிந்தது. சத்தத்தில் அவர் எழுந்துவிடக் கூடாதே என்று பக்கத்து சீட்டுக்காரர் போனை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து சைலண்ட்டில் போட்டாராம். திருவள்ளூரில் பஸ் நின்று, டிரைவர் வந்து தோளைத் தட்டியபோதுதான் உயிர் இல்லையென்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில், உயிர் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது, நெஞ்சு வலி, தூக்கத்திலேயே போயிருக்கும் என்றார்கள். அப்படித்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். "தூங்கறாருன்னு நெனச்சோம் அண்ணி. நிம்மதியா தூங்கற மாதிரிதான் இருந்தாரு." சாவு வீட்டுக்கு வந்தவனெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி, தூக்கம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருவள்ளூரில் கல் கடைக்காரர் மாதிரிப் படங்களைக் காட்டினபோது முதலில் இருந்தது 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதுதான். "நெறைய பேரு இத்ததான் போடறாங்கம்மா," என்றார்.

"நித்திரைன்னா தூக்கம்தானே? அந்தப் பேச்சே எடுக்காதீங்க. மேல போனாருன்னு போடுங்க," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு 'பரலோகம் சேர்ந்தார்' என்று எழுதிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அத்தையின் கேள்வி வந்தது. ஓதினது யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் கொழுந்தனார். அவரும் கும்மிடிப்பூண்டியில்தான் வேறொரு கம்பெனியில் இருக்கிறார், அங்கேயே குடும்பம். அண்ணனைப் பார்த்து வேதத்தைக் கையில் எடுத்தவர். ஆனால் எங்கள் சபைக்கு வரவில்லை. வீட்டு மாடியில் பாய் விரித்துக் கூடுகிற ஒரு சின்ன ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். செத்தவர்கள் யாரும் எங்கேயும் போகவில்லை, கடைசி நாளில் எக்காளம் ஊதும்வரை மண்ணில் தூங்குகிறார்கள் என்பது அவர்கள் போதனை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் தலை காட்டினவர், அண்ணன் போன பிறகு ஒன்று விட்டு ஒரு ஞாயிறு வண்டியைப் போட்டுக்கொண்டு வருகிறார். கையில் ஜாங்கிரிப் பொட்டலம். மதியம் நான் சபையிலிருந்து வந்தால் இரண்டு பேரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வருவார்கள். "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்றால், "சும்மா காத்தாட," என்பார் அத்தை. உச்சி வெயிலில் என்ன காற்று?

திருநின்றவூரில் நானும் அவரும் சீட்டுப் போட்டுச் சேர்ந்து வாங்கின ஒரு சின்ன காலி மனை, பிளாட், இருக்கிறது. காரியம் முடிந்த கையோடு, "அண்ணி, அந்த பிளாட்ட இன்னா பண்ணலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டவர் என் கொழுந்தனார். அதையும் ஜாங்கிரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் எனக்கு ஒரே விடைதான் வந்தது. அம்மாவை வேதம் சொல்லி வளைக்கிறார். அம்மா வளைந்தால், அம்மா பங்குக்கு வைக்கிற கைநாட்டும் வளையும்.

அடுத்த தடவை அவர் வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"அத்தைகிட்ட மேல போனவன் எவனும் இல்லைன்னு சொன்னது நீங்கதானே?"

"நானாப் போயி சொல்லல அண்ணி. அது வசனம். பரலோகத்துலர்ந்து எறங்கி வந்த மனுஷகுமாரனத் தவுர யாரும் அங்க ஏறல. யோவான் மூணு பதிமூணு." போனை எடுத்து நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியும், மூடுங்க. எலியா எங்க போனாரு? அக்கினி ரதம் வந்துச்சு, சுழல்காத்துல பரலோகத்துக்கு ஏறிப்போனாருன்னு ராஜாக்கள்ல போட்டுக்கீதே. ஏனோக்க தேவன் எடுத்துக்கினாரே. அத்தெல்லாம் உங்க மாடியில படிக்கறதில்லையா?"

அவர் அசரவில்லை. பதிலைப் பையில் போட்டுக்கொண்டே திரிகிறவர் போல எடுத்து வைத்தார். வானத்தில் பல தட்டு இருக்கிறதாம். பறவை பறக்கிறதும் வானம், நட்சத்திரம் இருக்கிறதும் வானம், தேவன் இருக்கிறதும் வானம். எலியா போனது பறவை பறக்கிற வானம்தானாம். அங்கிருந்து வேறொரு ஊரில் இறக்கிவிட்டார்களாம். அதற்குச் சாட்சி, அவர் போய்ப் பல காலம் கழித்து ஒரு ராஜாவுக்கு அவர் எழுதின நிருபம் வந்து சேர்ந்ததாம்.

"கொரியர்ல வந்துச்சா?" என்றேன்.

"வெளையாடாதீங்க அண்ணி. நாளாகமத்துல கீது, பாத்துக்கங்க. தாவீது ராஜாவே மேல போவலைன்னு அப்போஸ்தலர்ல கீது. தாவீதே போவல, அண்ணன்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அத்தை அவ்வளவு நேரமும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப யாரு சொல்றது சரி?" என்றார். "நான் சொல்றது," என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. நாளாகமத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நிருபம் இருக்கத்தான் செய்தது. அடப்பாவி, இதை இத்தனை வருஷம் நான் பார்க்கவே இல்லையே என்றிருந்தது. ஏனோக்கு மரணத்தைக் காணாதபடி எடுத்துக்கொள்ளப்பட்டான் என்று எபிரெயரில் ஒரு வரி, அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி இவர்களெல்லாரும் மரித்தார்கள் என்று இன்னொரு வரி. கம்பெனியில் சில சமயம் ஒரே சாமானுக்கு இரண்டு டிராயிங் வந்துவிடும், ஒன்றில் ஒரு அளவு, இன்னொன்றில் வேறு அளவு. அப்போது நாங்கள் பாஸும் பண்ண மாட்டோம், ரிஜெக்ட்டும் பண்ண மாட்டோம். மஞ்சள் அட்டை கட்டித் தனியாக வைத்துவிட்டு ஆபீசுக்குச் சொல்லி அனுப்புவோம். நானும் அப்படித்தான் எங்கள் போதகரிடம் போனேன்.

அவர் வயதில் என்னைவிடச் சின்னவர். சபை வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்டதைக் கேட்டுவிட்டுக் குழாயை மூடினார்.

"அந்த வசனம் யாருகிட்ட சொன்னதுன்னு பாருங்கம்மா. ராத்திரியில வந்த ஒரு பெரிய மனுஷர், மேல இருக்கற காரியத்தப் பத்தி இயேசுகிட்ட கேக்கறார். அதுக்கு இயேசு சொல்றார், அங்க ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்து உங்களுக்குச் சேதி சொல்ல ஆள் கிடையாது, அங்கேர்ந்தே வந்தவர்தான் சொல்ல முடியும்னு. எலியா தன் காலால ஏறல. எடுத்துக்கொள்ளப்பட்டார். திரும்பி வந்து அங்க எப்படி இருக்குன்னும் சொல்லல. அப்ப ரெண்டு வசனமும் மோதலையே?"

"எலியாவுக்கு ரதம் வந்துச்சு ஐயா. எங்க ஊட்டுக்காரருக்குக் கம்பெனி பஸ்ஸுதான் வந்துச்சு."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சிலுவையில தொங்கின கள்ளனுக்கு எந்த ரதம் வந்தது? இன்னைக்கே நீ என்கூடப் பரதீசுல இருப்பன்னு இயேசு சொன்னாரே," என்றார்.

"அப்ப நித்திரைன்னு எதுக்கு எழுதறாங்க?"

"அதுவும் வேதத்துல இருக்கு. பவுல் அப்போஸ்தலரே ஒரு இடத்துல நித்திரைங்கறார், இன்னொரு இடத்துல சரீரத்த விட்டுப் போய் கிறிஸ்துவோட இருக்கறதுங்கறார். ஒரே ஆளுக்கு ரெண்டும் சரியா இருந்திருக்கு. எனக்கு எல்லாம் விளங்கிடுச்சுன்னு சொன்னா நீங்க நம்பாதீங்கம்மா."

அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான். எல்லாம் தெரியும் என்கிறவனை நான் முதலில் ரிஜெக்ட் பெட்டியில் போடுவேன். ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இன்னைக்கே என்கூட! அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தை, கேட்டுட்டேன். தானா ஏறினவன் எவனும் இல்லைன்னுதான் அந்த வசனத்துக்கு அர்த்தம். தேவன் எடுத்துக்கினா போலாம். எலியா போனாரு, கள்ளன்கூடப் போனான். உங்க புள்ளையும் அன்னைக்கே போயிட்டாரு. உங்க சின்னவன் சொன்னது தப்பு."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அத்தையின் முகம் தொங்கிவிட்டது. "அன்னைக்கேவா?" என்றார்.

"அன்னைக்கே."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

எழுந்து, கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுக்கப் போனார். ஒவ்வொன்றாக மடித்து, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். இதென்ன கூத்து என்று எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளை மோட்சத்தில் இருக்கிறான் என்று சொன்னால் எந்தத் தாய்க்கு முகம் வாடும்? பிளாட்டை நினைத்தேன். மறுபடி ஜாங்கிரியை நினைத்தேன். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நினைவு நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கல் எந்த அளவில் இருக்கிறதென்று பார்க்கத் திருவள்ளூருக்குப் போனேன். கல் கடைப் பட்டறையில் சாய்த்து வைத்திருந்தது. பேர் வெட்டியாகிவிட்டது, பிறந்ததும் இறந்ததும் வெட்டியாகிவிட்டது. அதற்குக் கீழே வழவழவென்று ஒன்றுமில்லை.

"கடைசி வரி எங்க?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்க மாமியார் வந்து நிறுத்தச் சொல்லிட்டாங்களேம்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"யாரோட வந்தாங்க? பைக்ல ஒரு ஆளு இருந்தாரா?"

"இல்லம்மா, தனியாத்தான். ரயில்ல வந்தேன்னாங்க. நான் முடியாதுன்னேன். ஆர்டர் கொடுத்தது அந்தம்மா, அவங்க சொன்னாத்தான்னேன். கல்லு அப்பக் கீழ படுக்கப் போட்டிருந்துது. அதுமேல ஏறி உக்காந்துட்டாங்க. எழுத்து வெட்ட மாட்டேன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. அப்புறம் நான்தான் டீ வாங்கிக் குடுத்து ரயிலேத்தி உட்டேன்."

எனக்குத் தலைக்கு ஏறியது. எந்த ரயில் எந்தப் பக்கம் போகிறதென்று படிக்கத் தெரியாதவர், என் முதுகுக்குப் பின்னால் தனியாகத் திருவள்ளூர் வந்து, என் புருஷன் கல்லை நிறுத்துகிறார்! ரயிலில் திரும்பும்போது பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டேன். "கல்லு மேல ஏறி உக்காந்தீங்களா?" என்றேன்.

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். "சொல்லிட்டானா," என்றார்.

"பிளாட்டுக்காகவா? சின்னவரு சொல்லிக் குடுத்தாரா? நேரா கேளுங்க, தரேனா இல்லையான்னு சொல்றேன். எம் புருஷன் கல்லுல எதுக்குக் கை வைக்கறீங்க? ஞாயித்துக்கெழமையானா ரெண்டு பேரும் எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" எனக்குத் தெரியாது. ஆத்திரத்தில் வந்துவிட்டது.

"கல்லறைக்குத்தாம்மே போறோம். எனக்கு வழி தெரியாது, அவன இட்டுக்கினு போவச் சொன்னேன். உன்னிய இட்டுக்கினு போவச் சொன்னா நீ அங்க வந்து அழுவ, அப்புறம் ரெண்டு நாளு சாப்ட மாட்ட." அரிசித் தண்ணீரை நிதானமாக வடித்தார். "பிளாட்ட நீயே வெச்சிக்க. எனக்கு இன்னாத்துக்கு பிளாட்டு?"

"அப்ப கல்லு?"

"உக்காரு. சத்தம் போடாம கேளு." நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். "நீ சொல்ற மேல, அது உங்க ஜனத்துக்குத்தான? அங்க என்னிய உடுவாங்களா?"

"ஞானஸ்நானம் வாங்கிக்கங்க. நானே பாஸ்டர்கிட்ட சொல்றேன்."

"அத்தெல்லாம் நான் ரோசிக்கலன்னு நெனச்சியா? அவங்க நைனா, எங்க ஊட்டுக்காரரு, எங்க கீறாரு? ஏரிக்கரையில மண்ணோட மண்ணாக் கீறாரு. அவரு உங்க ஆளு இல்லியே. நான் மவன் பின்னாடி மேல போய்ட்டா அந்த மனுஷன் தனியாக் கெடப்பாரு. போவலன்னா மவனப் பாக்க முடியாது. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு?"

காலில் இருந்த செருப்பை அப்போதுதான் கழற்றினேன்.

"சின்னவன் சொன்னான், யாரும் மேல போவல, எல்லாம் மண்ணுல தூங்கினு கீறாங்கன்னு. ஒரு நாளு எழுப்புவாங்களாம். அத்தக் கேட்ட அன்னிக்குத்தாம்மே நான் வயிறாரச் சாப்டேன். மண்ணுன்னா நானும் அங்கதான போவப் போறேன். அவன் ஒரு எடம், அவங்கப்பன் ஒரு எடம், நான் ஒரு எடம், இருந்தா இன்னா, மண்ணு ஒண்ணுதான. எழுப்பறப்ப எல்லாரும் ஒண்ணா எய்ந்துக்கலாம். யாரு எந்த சாமின்னு அப்பப் பாத்துக்கலாம்." ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். "நீ வாயால சொன்னா சொல்லிக்க. கல்லுல வெட்டிட்டினா அவன் போய்ட்டான்னு ஆயிடும். அதான் உக்காந்தேன்."

அவ்வளவு நாள் நான் எடுத்து வைத்த எலியாவும் ஏனோக்கும் கள்ளனும், ஒவ்வொருவராக இந்தக் கிழவியின் பிள்ளையை அவரிடமிருந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு ஆறுதல் என்று நினைத்ததெல்லாம் அவருக்கு அடிமேல் அடியாக விழுந்திருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் எனக்கும் ஒரு வயிறு இருக்கிறது, அதுவும் எரியத்தான் செய்தது.

"தூங்கறாரு தூங்கறாருன்னு சொல்லித்தான் அத்தை அவர எம்முன்னாடி நிக்காமக் கொண்டு போனாங்க," என்றேன். "போன்கூட அடிக்கக் கூடாதுன்னு வெச்சிட்டாங்க. அந்த வார்த்தைய நான் எப்படிக் கல்லுல போடுவேன்?"

"எனக்குத் தெரியும்மே," என்றார் அத்தை. "நான் அத்தப் போடச் சொன்னனா? ஒண்ணும் போடாதன்னுதான சொன்னேன்."

மறுநாள் கல் கடைக்காரருக்குப் போன் செய்தேன். கடைசி வரி வேண்டாம், அப்படியே பாலிஷ் போடுங்கள் என்றேன். "வெறுமையா இருக்குமேம்மா," என்றார். "சும்மா ஒரு சிலுவையாவது..." என்று இழுத்தார். சிலுவை மேலே போடுங்கள், கீழே ஒன்றும் வேண்டாம் என்றேன். போதகரிடமும் சொன்னேன்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் காலையில் கல்லை வண்டியில் கொண்டுவந்தார்கள். அத்தை, நான், கொழுந்தனார் மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். கொழுந்தனார் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட்களோடு சேர்ந்து கல்லைப் பிடித்தார். பிளாட் விஷயத்தில் அவர்மேல் எனக்கு இன்னமும் சந்தேகம்தான், அதை ஒன்றும் விட்டுவிடவில்லை. ஆனால் அண்ணன் கல்லை இறக்கும்போது, அது தரையில் மோதாமல் அவர் அடியில் கையைக் கொடுத்துத் தாங்கியதையும் பார்த்தேன். அத்தை ஓரமாகக் குந்தி, மண்ணில் கிடந்த முள்ளையும் சருகையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கல்லைச் சரியாக உட்கார வைக்க, ஒரு ஆள் கடப்பாரையால் நெம்பினார். கடப்பாரை நழுவி, கல்லின் முனையில் பட்டு, தோட்டம் முழுக்க நங்கென்று கேட்டது. முனை உடைந்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"யோவ்! கண்ணு தெரியல? பாத்துப் போடுய்யா! இதுக்கா காசு வாங்கற?" என்று கத்தினேன்.

அத்தை குந்தின இடத்திலிருந்தே கையை நீட்டி என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவாம்மே," என்றார். "நைட் ஷிப்டு முட்ச்சிட்டு வந்து படுத்துக்கீறான். எழுப்பாத."

நான் கடப்பாரைக்காரரைப் பார்த்து, மெதுவாக, மெதுவாக என்று கையால் மட்டும் காட்டினேன்.